அமைச்சரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.பி. டெல்லியில் வாயைத் திறக்கிறாரா, திறந்தால் அமைச்சர் பதில் சொல்கிறாரா, சொன்ன பதிலால் ஊருக்கு ஏதாவது வந்து சேர்கிறதா? சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். மற்ற விஷயங்களைக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு வட்டத்து மலைக்கிராம வாசகர்: எங்கள் ஊரில் போனில் பேசவே பாறை மேல் ஏற வேண்டியிருக்கிறது. டவர் கேட்டு சேலம் எம்.பி.யிடம் மனு கொடுத்தோம், நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பச் சொன்னோம். ஒரு தகவலும் இல்லை. எம்.பி. என்றால் இவ்வளவுதானா?

ஐயா, முதல் சிக்கல் விலாசத்தில் இருக்கிறது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி சேலம் நாடாளுமன்றத் தொகுதியில் இல்லை, கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது, தெரியாததில் தப்பும் இல்லை, ஏனென்றால் வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள். அதில் ஓமலூர், எடப்பாடி, வீரபாண்டி, சேலம் நகரத்தின் மூன்று ஆகிய ஆறு மட்டும்தான் சேலம் எம்.பி.க்கு. ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சிக்குப் போகின்றன. மேட்டூர் தருமபுரிக்கு, சங்ககிரி நாமக்கல்லுக்கு. கலெக்டர் ஆபீஸ் ஒன்று, எம்.பி.க்கள் நான்கு பேர். உங்கள் மனு ஒரு மேசையில் படுத்துத் தூங்குவதற்கு இதுவே போதும்.

இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். எந்த எம்.பி.யும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம், தன் தொகுதியாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தொகுதியே கிடையாது. அவர்களில் ஒருவருக்கு எழுதினாலும் கேள்வி போகும்.

அப்புறம், என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்பதும் முக்கியம். "மலைவாழ் மக்களின் துயரத்தை அரசு அறியுமா?" என்கிற மாதிரி கேட்டால், "அரசு அறியும், உரிய நடவடிக்கை எடுத்து வருகிறது" என்று ஒரு வரி வரும். அதை எழுதும் அதிகாரிக்கு அன்றைக்கு வேலை சுலபம். அவரை உட்கார வைத்து ஃபைலைத் திறக்க வைக்கிற மாதிரிக் கேட்க வேண்டும். செல்போன் சேவை எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கொடுக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. நாடு முழுவதும் 24,680 கிராமங்கள், 26,316 கோடி ரூபாய், வேலை பி.எஸ்.என்.எல். கையில். இதைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்: (அ) இந்தத் திட்டத்தில் சேலம் மாவட்டம் ஏற்காடு வட்டத்தில் சேர்க்கப்பட்ட கிராமங்கள் எவை, பெயர் வாரியாக, (ஆ) அவற்றில் எத்தனை கோபுரங்கள் இன்று இயங்குகின்றன, (இ) மற்றவை வனத்துறை அனுமதிக்காக நிற்கின்றனவா, மின் இணைப்புக்காகவா, எந்தத் தேதியிலிருந்து, (ஈ) பட்டியலில் இல்லாத கிராமங்களைச் சேர்க்க யார் பரிந்துரைக்க வேண்டும். இப்படி நான்கு வரி, தகவல் தொடர்பு அமைச்சகத்தின் பெயருக்கு. பெயர் வாரியாகக் கேட்டால் உங்கள் ஊர் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பது அச்சில் வந்துவிடும். இல்லை என்று வந்தாலும் அது லாபம்தான், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகலாம்.

கூட்டத்தொடர் நடக்கும்போது போய் நிற்காதீர்கள். மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்தொடர் தேதி அறிவித்தவுடனே கொண்டுபோய்க் கொடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: டிவியில் கேள்வி நேரம் பார்க்கிறேன். தினமும் நாலைந்து பேர்தான் கேட்கிறார்கள். மற்ற ஐந்நூறு பேரும் எதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள்? நட்சத்திரக் கேள்வி என்கிறார்களே, அது என்ன?

டிவியில் தெரிவது நுனி மட்டும். மக்களவை கூடும் நாளில் காலை 11 முதல் 12 வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 முதல் அதைப் பகல் 12 மணிக்கு மாற்றிவிட்டார்கள், காலையில் அமளியிலேயே நேரம் கரைந்துபோனதால்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள் பட்டியலில் வரும். குறியிடாத கேள்விகள் 230, இவற்றுக்கு எழுத்தில்தான் பதில். ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்து கேள்விகள்வரை கொடுக்கலாம். வருகிறவை ஆயிரக்கணக்கில் இருக்கும், அதனால் குலுக்கல் போட்டு வரிசை எடுக்கிறார்கள். ஆக, உங்கள் எம்.பி. கேள்வி கொடுத்தும் வராமல் போகலாம், அது அவர் குற்றமில்லை.

அந்த 20 கேள்விகளில் ஒரு மணி நேரத்துக்குள் உண்மையில் பேசப்படுவது ஐந்தாறுதான். அதுதான் நீங்கள் பார்க்கும் நாலைந்து பேர். முறை வராத மற்ற கேள்விகளுக்கு எழுத்துப் பதில் மேசையில் வைக்கப்பட்டுவிடும். சபையில் ஒரே கூச்சல், ஒத்திவைப்பு என்று செய்தி வந்த நாளில்கூட இந்த 250 பதில்களும் வெளிவந்திருக்கும், ஆனால் அதைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு வரிகூட வராது.

அப்படியானால் நின்று பதில் சொல்வதற்கு என்ன தனி மதிப்பு என்று கேட்பீர்கள். துணைக் கேள்விதான். கேட்டவர் இரண்டு துணைக் கேள்வி போடலாம், பிறகு சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களும் போடலாம். எழுதிக் கொடுத்த பதிலை அதிகாரி தயாரித்திருப்பார். துணைக் கேள்வி என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. அமைச்சருக்குத் துறை தெரியுமா தெரியாதா என்பது அந்த இரண்டு நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச் சீட்டு வருகிறதா என்று அமைச்சர் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும்.

கோவிட் காலத்தில், 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டு எழுத்துப் பதில் மட்டும் போதும் என்றார்கள். எதிர்க்கட்சிகள் அன்றைக்கு அவ்வளவு சத்தம் போட்டது இந்தத் துணைக் கேள்விக்காகத்தான். சத்தம் போட்டது நியாயம் என்பது என் கருத்து.

அஸ்தம்பட்டி வாசகி: 2024 டிசம்பர் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. ஒவ்வொரு மழைக்கும் இதே கதை. இதையெல்லாம் எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்க மாட்டாரா?

கேட்டாலும் பட்டியலில் ஏறாது அம்மா. அந்த 20 கொண்டை ஊசி வளைவும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. மாநில அரசின் பொறுப்பில் இருக்கும் விஷயத்தை நாடாளுமன்றக் கேள்வியாக ஏற்க மாட்டார்கள், விதியிலேயே இருக்கிறது. இது ஏற்காடு எம்.எல்.ஏ. சென்னையில் கேட்க வேண்டிய கேள்வி. குப்பனூர் வழிச் சாலையும் அப்படித்தான்.

சட்டமன்றத்திலும் தினமும் முதலில் கேள்வி நேரம்தான், 2022 ஜனவரி முதல் அதை நேரலையாகவே காட்டுகிறார்கள். அங்கே கேட்கும் விதம் கொஞ்சம் வேறு. "ஏற்காடு மலைப்பாதையில் தடுப்புச் சுவர் கட்ட அரசு முன்வருமா?" என்பார் உறுப்பினர். "நிதிநிலைக்கு ஏற்ப ஆவன செய்யப்படும்" என்பார் அமைச்சர். எல்லாரும் மேசையைத் தட்டுவார்கள். ஆவன என்றால் எந்த ஆண்டு, எந்தத் தலைப்பில் நிதி, கருத்துரு தலைமைப் பொறியாளர் ஆபீஸைத் தாண்டியதா என்று துணைக் கேள்வி போடுகிற எம்.எல்.ஏ. கிடைத்தால் விடாதீர்கள். முதல்வர் 110ஆவது விதியில் வாசிக்கும் அறிவிப்புகளுக்கு அந்தத் துணைக் கேள்வியும் கிடையாது, விவாதமும் கிடையாது. அறிவிப்பு வந்த மறுவருஷம் வேலை நடந்ததா என்று கேள்வி நேரத்தில் கேட்டால்தான் உண்டு.

எம்.பி.க்கு இதில் வேலையே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம். அதில் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு, எப்போது விடுவிக்கப்பட்டது என்பதை உள்துறை அமைச்சரிடம் அவர் தாராளமாகக் கேட்கலாம்.

ஏற்காடு காபித் தோட்ட வாசகர்: காபி, மிளகு பற்றியும் தோட்டத்தில் புகும் காட்டெருமை பற்றியும் வேளாண் அமைச்சருக்குக் கேள்வி கொடுக்கச் சொன்னோம். வரவில்லை என்கிறார்கள்.

காபி வாரியம் வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது, வேளாண்மைக்குக் கீழே இல்லை. 1942 காபிச் சட்டப்படி உருவான வாரியம், தலைமையகம் பெங்களூரு. மிளகைப் பார்க்கும் நறுமணப் பொருள் வாரியமும் அதே அமைச்சகம்தான். மலைமேல் மண்ணைக் கொத்துகிறவனுக்கு இது விவசாயம், டெல்லிக்கு இது ஏற்றுமதிச் சரக்கு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்த பார்வை, இன்னும் மாறவில்லை.

அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குழு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அமைச்சகம் தப்பினால் நாளும் தப்பும். அடுத்த தடவை வர்த்தக அமைச்சகம் என்று போட்டுக் கொடுங்கள். காட்டெருமை பற்றிய பகுதியைத் தனியாகப் பிரித்துச் சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகத்துக்குக் கொடுங்கள். இரண்டையும் ஒரே கேள்வியில் கலந்தால் இரண்டு பேரும் "அது அவர் துறை" என்பார்கள்.

ஆத்தூர் கல்லூரி மாணவி: நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டு எந்த அமைச்சராவது பதவி இழந்ததுண்டா, அல்லது இதெல்லாம் சும்மா சடங்கா?

உண்டு, அதுவும் நம்ம ஊர்க்காரர்.

1956இல் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளை எல்லாம் நாட்டுடைமையாக்கி எல்.ஐ.சி.யை உருவாக்கினார்கள். மறுவருஷமே, 1957 ஜூனில், எல்.ஐ.சி. கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அன்றைய 1 கோடி. கம்பெனிகள் தள்ளாடிக்கொண்டிருந்தன, எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளவும் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் இதைப் பற்றி மக்களவையில் ஒரு கேள்வி வந்தது. நிதி அமைச்சகத்திலிருந்து வந்த பதில் வழவழவென்று இருந்தது. பதில் தெளிவாக இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். மழுப்பியதால்தான் மோப்பம் பிடித்தார்கள்.

டிசம்பரில் பெரோஸ் காந்தி அதைக் கையில் எடுத்தார். அவர் யார்? ஆளும் காங்கிரஸ் கட்சியின் ரேபரேலி எம்.பி., பிரதமர் நேருவின் மருமகன். மாமனார் அரசாங்கத்தைத்தான் பங்கு விலை, தேதி, கடிதப் போக்குவரத்து என்று ஒவ்வொன்றாக வைத்து மடக்கினார். சும்மா ஊழல் ஊழல் என்று கத்தவில்லை, எந்தத் தேதியில் எந்த விலை இருந்தது, நீங்கள் ஏன் அதற்கு மேல் கொடுத்து வாங்கினீர்கள் என்று கேட்டார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா தலைமையில் ஒரு நபர் விசாரணைக் கமிஷன் வந்தது. விசாரணையை மக்கள் முன்னால் நடத்தினார்கள், சில வாரங்களில் முடித்தும் விட்டார்கள். (இன்றைய கமிஷன்களை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.) 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். டி.டி.கே. என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் அதே சென்னைக்காரர்தான்.

சில ஆண்டுகளில் அவர் மறுபடி அமைச்சரானார், மறுபடி நிதித்துறைக்கே வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில்: சடங்கு இல்லை. ஆளுங்கட்சி எம்.பி.யே தன் அமைச்சரைக் கேள்வி கேட்கத் துணிந்ததால் அது நடந்தது. இன்றைக்கு ஆளுங்கட்சி உறுப்பினர்கள் கேட்கும் துணைக் கேள்விகளில் பாதி, "மாண்புமிகு அமைச்சரின் சீரிய முயற்சியால்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. எந்தக் கட்சி ஆட்சியிலும், டெல்லியானாலும் சென்னையானாலும், இது ஒரே மாதிரி.

கொண்டலாம்பட்டி தறிக்காரர்: "விவரங்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன" என்று பதில் சொல்கிறார்களே, எந்தக் காலத்தில் சேகரித்து முடிப்பார்கள்?

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். அப்படிச் சொன்ன பதில் சபையில் ஓர் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். பரிசீலிக்கிறோம், விவரம் சேகரித்து மேசையில் வைப்போம் என்கிற மாதிரி வார்த்தைகள் வந்தால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று 1953 முதல் மக்களவையில் இருக்கிறது. அமைச்சகம் மூன்று மாதத்தில் முடிக்காவிட்டால் கால நீட்டிப்புக் கேட்டு இந்தக் குழுவிடம் வர வேண்டும். குழு செயலாளர்களைக் கூப்பிட்டு வைத்துக் கேட்கும். பல வருஷம் இழுக்கிற உறுதிமொழிகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை.

நம்ம ஆட்கள் செய்கிற தவறு, பதில் வந்ததும் "ஒன்றும் சொல்லவில்லை" என்று தாளைக் கசக்கிப் போடுவது. அந்த ஒன்றும் சொல்லாத பதில்தான் கொக்கி. கேள்வி எண், தேதி இரண்டையும் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து எம்.பி.க்கு ஒரு கடிதம், "இந்த எண், இந்தத் தேதி, உறுதிமொழி என்ன ஆயிற்று?" என்று. தறி மானியமோ நூல் விலையோ, எதுவாக இருந்தாலும் இதே வழிதான்.

ஓய்வுபெற்ற இரும்பாலைத் தொழிலாளி, சேலம்: இரும்பாலையைப் பற்றி எத்தனை எம்.பி.க்கள் எத்தனை தடவை கேட்டார்கள்! என்ன பலன்?

உங்கள் கோபம் புரிகிறது. இதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் அது ஏமாற்று வேலை, அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது, சேலத்தில் ஆலை வேண்டும் என்று கேட்டது ஒரு கட்சி இல்லை, ஒரு தலைமுறை. அண்ணா முதல்வரானதும் 1967இல் சேலம் உருக்காலைக்காகவும் தூத்துக்குடித் துறைமுகத் திட்டத்துக்காகவும் எழுச்சி நாள் கொண்டாடச் சொன்னார். நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டே குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து மோகன் குமாரமங்கலம் மத்திய உருக்குத் துறை அமைச்சரானார். கேட்கிற ஊர்க்காரரே பதில் சொல்கிற நாற்காலியில் உட்கார்ந்தார். 1973இல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். ஆலை உற்பத்தியைத் தொடங்க 1981 ஆனது. அதுவும் கஞ்சமலைத் தாதை உருக்கவில்லை, வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாகத்தான் வந்தது. இங்கேயே எஃகு உருக்கும் பிரிவு வர 2010 ஆகிவிட்டது. 2019இல் தனியாருக்கு விற்க விருப்பம் கேட்டு அறிவிப்பு வந்தபோது நீங்கள் எல்லாம் கேட்டில் நின்றது உங்களுக்கே தெரியும்.

இதில் கேள்வியின் பங்கு என்ன? கேள்வி மட்டும் ஆலையைக் கொண்டுவரவில்லை, கேள்வி மட்டும் விற்பனையைத் தடுக்கவும் முடியாது. அது முடிவெடுக்கிற இடம் இல்லை. ஆனால் ஆலை நஷ்டம், நஷ்டம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே, எந்த ஆண்டு எவ்வளவு, அதில் வட்டி எவ்வளவு, மூலப்பொருளை எந்த விலைக்குக் கொடுத்தார்கள் என்பதை அரசின் வாயாலேயே வாங்குவதற்குக் கேள்வியைத் தவிர எளிய வழி இல்லை. தொழிற்சங்கம் மேடையில் சொன்னால் அது குற்றச்சாட்டு. அமைச்சர் கையெழுத்தோடு சபையில் வந்தால் அது ஆவணம், நீதிமன்றத்தில்கூட எடுத்துக் காட்டலாம். சேலம் ரயில்வே கோட்டம் 2007இல் வந்ததே, அதற்கும் முன்னால் வருஷக்கணக்கில் கேள்வி, மறியல், கேரளத்தின் எதிர்ப்பு, மறுபடி கேள்வி என்றுதான் ஓடியது. சென்னை-சேலம் எட்டுவழிச் சாலைக்கு எதிராக விவசாயிகளின் வழக்கும் நடந்தது, நாடாளுமன்றத்தில் கேள்விகளும் வந்தன. எது எதைத் தள்ளியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஓமலூர் ஆசிரியர்: கூட்டத்தொடர் முடிந்ததும் "எங்கள் எம்.பி. இத்தனை கேள்வி கேட்டார்" என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். எண்ணிக்கையை வைத்து எம்.பி.யை மதிப்பிடலாமா?

கூடாது. எண்ணிக்கையை ஏற்றுவது சுலபம். தயார் செய்து கொடுக்கும் உதவியாளர்கள் இருக்கிறார்கள், ஒரே கேள்வியைப் பத்து உறுப்பினர்கள் பெயரில் கொடுப்பார்கள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பதிலாக வெளியிடுவார்கள். பத்துப் பேர் கணக்கிலும் ஒன்று ஏறும். அமைச்சரானவர் கேள்வியே கேட்க முடியாது, சபாநாயகரும் அப்படித்தான். அவர்கள் கணக்கில் பூஜ்யம் இருந்தால் சோம்பேறி என்று அர்த்தமில்லை.

வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோக்களையும் நம்பாதீர்கள். மேசையைத் தட்டி உங்கள் எம்.பி. முழங்குவது பெரும்பாலும் பூஜ்ய நேரத்தில். கேள்வி நேரம் முடிந்த பிறகு, அவசர விஷயம் என்று எழுப்பும் நேரம் அது. விதிப் புத்தகத்தில் அந்தப் பெயரே கிடையாது, 1960களில் வழக்கமாக வந்தது. அங்கே அமைச்சர் உடனே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முழங்கியவருக்கு வீடியோ கிடைத்தது, ஊருக்குப் பதில் கிடைத்ததா என்று பாருங்கள்.

மதிப்பிட வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள், கேட்ட எல்லாக் கேள்வியும் பதிலும் இருக்கும். மூன்றே விஷயம் பாருங்கள் சார். தொகுதிப் பெயர், ஊர்ப் பெயர் வருகிறதா? ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கேட்டிருக்கிறாரா? தன் கூட்டணிக் கட்சியின் அமைச்சருக்கும் சங்கடமான கேள்வி கொடுத்திருக்கிறாரா? மூன்றாவது ரொம்ப அபூர்வம், கண்டால் எனக்கும் எழுதுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை ஒரு செயல்திட்டமாகவே கொடுக்கலாம், சமூக அறிவியல் புத்தகத்தில் அரைப் பக்கம் படிப்பதைவிட நன்றாக ஏறும்.

அம்மாபேட்டை வாசகர்: காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டவர்களும் உண்டு அல்லவா?

உண்டு. 2005இல் ரகசியக் கேமராவில் சிக்கிய 11 எம்.பி.க்களை அந்த டிசம்பரிலேயே வெளியேற்றினார்கள். மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர். ஒரே கட்சியும் இல்லை, பல கட்சி. ஒரு கேள்விக்கு விலை இருக்கிறது என்றால் அதற்குப் பலமும் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கம்பெனிக்காரன் உபயோகமில்லாததற்குக் காசு கொடுக்க மாட்டான்.

ஜாகீர் அம்மாபாளையம் வாசகி: அமைச்சர் சபையில் தப்பான தகவல் சொல்லிவிட்டால்?

திருத்த அறிக்கை வைக்க வேண்டும், வைக்கிறார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று காட்ட முடிந்தால் உரிமை மீறல் பிரச்சினையாக எழுப்பலாம். நிரூபிப்பது கஷ்டம். ஆனால் களத்தில் இருக்கும் நிலைமைக்கும் பதிலுக்கும் பொருந்தாவிட்டால், பொருந்தாததைத் தேதியோடு, போட்டோவோடு எம்.பி.க்கு அனுப்புங்கள். "கோபுரம் இயங்குகிறது" என்று பதில் வந்து, அந்த ஊரில் கம்பம் மட்டும் நின்றுகொண்டிருந்தால் அடுத்த கேள்வி தானாக ரெடி.

சூரமங்கலம் வாசகர்: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்களை எம்.பி. ஆக்கினால் முதல் கேள்வி என்ன கேட்பீர்கள்?

டெபாசிட் போய்விடும், அது வேறு விஷயம். கேள்வி தயாராக இருக்கிறது, விமானப் போக்குவரத்து அமைச்சருக்கு. சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்தில், சிறு ஊர்களுக்கும் மானியம் கொடுத்து விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் விட்டார்கள், 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. என் கேள்வி:

(அ) 2018 முதல் இன்றுவரை சேலத்துக்கு அறிவித்த விமானங்கள் எத்தனை, அவற்றில் ரத்தானவை எத்தனை, ஆண்டுவாரியாக;

(ஆ) இந்த வழித்தடங்களுக்காக எந்தெந்த நிறுவனத்துக்கு எவ்வளவு மானியம் கொடுக்கப்பட்டது;

(இ) 2021இல் சேவை நின்றபோது சம்பந்தப்பட்ட நிறுவனத்திடமிருந்து ஏதாவது தொகை திரும்பப் பெறப்பட்டதா;

(ஈ) இல்லையென்றால், ஏன்?